செருப்புக்கு நிழல் போட்டவன்

சமயநல்லூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சி விளம்பரம், எல்லாம் அடிப்பேன். விசேஷத்துக்கென்று கொடுத்த படங்களை யாரும் திரும்பக் கேட்பதில்லை. பாதி ஊரின் முகம் என் கம்ப்யூட்டரில் கிடக்கிறது.

போன உள்ளாட்சித் தேர்தலில், எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் வார்டு மெம்பருக்கு நின்றார். அவர் தெருவிலிருந்து ஒருவர் எங்கள் வார்டில் நிற்பது அதுதான் முதல் தடவை. அவரை எதிர்த்து நின்ற கட்சிக்காரர் கடைக்கு வந்தார்.

“மாப்ள, அவன் மக காதுகுத்துக்கு நீதான அடிச்ச? அந்தப் போட்டோவுல அவன மட்டும் வெட்டி கோயிலுக்குள்ள நிப்பாட்டு. கால்ல செருப்பு பளிச்சுன்னு தெரியணும்.”

“பாவம்ணே.”

“எலெக்சன்ல என்னடா பாவம்?”

இருபது நிமிட வேலை. யாரும் கேட்கவில்லை, நானாகவே செருப்புக்கு அடியில் நிழலும் போட்டேன்.

பொய்யைப் பரப்பி நாடுகளையே சண்டைக்கு அனுப்பிய கதைகளைப் பள்ளியில் படித்திருக்கிறேன். அதற்கெல்லாம் பெரிய மூளைக்காரர்கள் வேண்டும் என்று நினைத்திருந்தேன். மண்ணாங்கட்டி. என்னைப் போல ஒரு முதுகெலும்பில்லாதவன் போதும்.

மறுநாளே படம் எல்லார் ஃபோனிலும் இருந்தது. வீடு வீடாகப் பாலை நிறுத்தினார்கள். அவர் தேர்தலில் தோற்ற பிறகும் யாரும் திரும்ப வாங்கவில்லை. பால்காரர் என் கடைக்கு வந்தார்.

“அண்ணே, பாப்பா விசேஷத்துக்கு நான் குடுத்த படந்தான இது?” திட்டவில்லை. “ஓட்டு போனாப் போகுது. மாட்ட வச்சுத்தான் பொழப்பு ஓடுது. ஒரிஜினல ஊருக்குக் காட்டுங்கண்ணே, அது போதும்.”

டீக்கடையில் அசல் படத்தைக் காட்டி, நான்தான் வெட்டி ஒட்டினேன் என்று சொன்னேன். அடிப்பார்கள் என்று பயந்தேன். சிரித்தார்கள்.

“இப்படிச் சொல்ல அவன்ட்ட எம்புட்டு வாங்குன மாப்ள?” என்றார் ஒருவர்.

இன்னொருவன், “எடிட்டாவே இருக்கட்டும்ணே. செயிச்சிருந்தா செருப்போட உள்ள போயிருக்க மாட்டான்னு எழுதித் தருவீகளா?” என்றான்.

உண்மை தெரிந்தால் மாறுவார்கள் என்று நம்பினேன், மடையன். அந்தத் தெருவிலிருந்து வந்து தேர்தலில் நின்றவரை ஒதுக்க அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நான் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போனால் அடுப்பில் பாக்கெட் பால். மனைவியிடம் கத்தினேன்.

“பொய்யின்னு எனக்குத் தெரியாதா? அக்கம்பக்கம் பாக்குறாக. நாம மட்டும் வாங்குனா நம்மளயும் ஒதுக்கிருவாக,” என்றாள்.

பால்காரர் மாடுகளை விற்றுவிட்டு, குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்.

போன வாரம் அந்தப் படம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் எனக்கே வந்தது. வேறு ஊர்ப் பெயர், வேறு கோயில் பெயர். கீழே கெட்ட வார்த்தைகள். இது பொய், செய்தவன் நான் என்று எழுதினேன். குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.