சாட்சி சொல்லாதவர்கள்

போன வருடம் மழைக்காலத்தில், மணவாளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. கணவர் வளைகுடாவில். பிள்ளைகள், படுத்த படுக்கையான மாமனார், தையல் வேலை என்று எல்லாவற்றையும் நான் ஒருத்தியே இழுத்துக்கொண்டிருந்தேன். காலையில் எழும்போதே உடம்பு சோர்ந்து கிடக்கும். அதை இங்கே சீணம் என்போம்.

தோழி ஒருத்தி என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். சோர்வைப் போக்கும் மூலிகை மாத்திரை சாப்பிடுகிறவர்களின் குழு. சீணம் போச்சு, முட்டுவலி போச்சு என்று தினமும் யாராவது பேசி அனுப்புவார்கள். எங்கள் ஜெபக்கூட்டத்தில் சுகம் கிடைத்தவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்வது வழக்கம். அதைக் கேட்டே வளர்ந்த காது எனக்கு. இத்தனை பேர் சொல்வது பொய்யாகவா இருக்கும் என்று வாங்கிவிட்டேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சோற்றைக் கண்டாலே குமட்டல். குழுவில் கேட்டேன். உடம்பிலுள்ள கழிவு வெளியேறுகிறது, நிறுத்தாதே என்று ஆளாளுக்குத் தைரியம் சொன்னார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. டாக்டரிடம் போக எங்கே நேரம்?

மறுநாள் முன்பின் தெரியாத ஓர் அக்கா போன் செய்தார். கொட்டாரம் என்ற ஊர்க்காரராம். குழுவில் இருக்கும் சொந்தக்காரி ஒருத்தியின் போனில் நான் பேசியதைக் கேட்டாராம்.

"மக்கா, எனக்கும் இப்படித்தான் தொடங்கிச்சு. கண்ணு மஞ்சளா இருக்கான்னு கண்ணாடியில பாரு. இதைச் சொன்னதுக்குத்தான் என்னை அங்கேருந்து தூக்கிட்டாவ."

எரிச்சலாக வந்தது. அத்தனை பேரை விட்டுவிட்டு இவர் ஒருத்தரையா நம்புவது? ஆனாலும் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, ஈரல் கெட்டுக்கொண்டிருக்கிறது, மாத்திரையை இன்றோடு நிறுத்து என்றார். தேறிவர மாதக்கணக்கானது.

நடந்ததைக் குழுவில் பேசி அனுப்பினேன். சற்று நேரத்தில் என்னையும் நீக்கிவிட்டார்கள். சண்டை போடத் தெம்பில்லை. தங்களுக்கும் குமட்டுகிறது என்று குழுவில் சொல்லியிருந்த இரண்டு பேரை மட்டும் தேடிக் கூப்பிட்டேன். ஒருத்தி கேட்டுக்கொண்டாள், இன்னொருத்தி பேச்சு முடியும் முன்னே போனை வைத்துவிட்டாள்.

சீணம் இன்னும் போகவில்லை. ஜெபக்கூட்டத்துக்கு இப்போதும் போகிறேன். யாராவது எழுந்து சாட்சி சொல்லும்போது, பாயைவிட்டு எழாமல் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கமே என் கண் போகிறது. அந்த அக்கா கூப்பிட்டிராவிட்டால், ஒன்றும் சொல்லாமலே போய்விட்டவர்களில் நானும் ஒருத்தியாகியிருப்பேன்.