கரியாலூர் பங்களாவுக்கு வந்த சம்பந்தி

என் சித்தப்பா தீனதயாளனுக்கு மணலூர்பேட்டையில் கரும்பும் நெல்லும். கரியாலூரில் ஒரு பங்களா. மலைக்காற்று வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டினார். கட்டி முடித்ததும் ஜன்னலையெல்லாம் கண்ணாடி போட்டு அடைத்து ஏசி மாட்டினார்.

அந்த வீட்டில் சமையல், துணி, மாடு, சித்தி ராதிகாவின் முழங்காலுக்குத் தைலம் எல்லாம் ஹரிமாயாவின் தலையில். நேபாளத்துக்காரி. வாட்ச்மேன் வேலைக்கு வந்த அண்ணனோடு வந்தவள். அண்ணன் ஊருக்குத் திரும்பினான். இவளைச் சித்தி விடவில்லை. பெயர் வாயில் நுழையவில்லை என்று செல்வி ஆக்கிவிட்டாள். தினமும் பூஜையறையில் ஹரி ஹரி என்கிற வாய்தான் அது.

மலையில் வேலைக்கு ஆள் இல்லாமல் இல்லை. "இங்கத்தி பொம்பளைங்களுக்கு வூடு இருக்கு. பொழுது சாஞ்சா ஓடிடுவாளுங்க" என்பது சித்தியின் குறை. வீடு தொலைவில் இருப்பவளாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

விருந்தாளிகளிடம் பேச்சு வேறு. "வேலக்காரின்னு யாரும் சொல்லாதீங்க. எங்க வூட்டுப் பொண்ணு. என்னை அம்மான்னுதான் கூப்புடுவா." சித்தப்பா, "ஃபாரின் பொண்ணு" என்று சேர்த்துக்கொள்வார், தன் காரைப் பற்றிச் சொல்கிற அதே குரலில். அந்தப் பெண்ணின் தட்டும் டம்ளரும் மட்டும் மோட்டார் ரூம் ஜன்னலில் கவிழ்ந்திருக்கும்.

நாலு தேசம் சுற்றி, கிடைத்த வேலையைச் செய்து பிழைத்துவிட்டு அப்போதுதான் நான் திரும்பி வந்து அந்தப் பங்களாவில் தங்கியிருந்தேன். "நீ எங்க குடும்பம் மாதிரி" என்று எந்த முதலாளி சொன்னாலும் அடுத்த வாக்கியம் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வா என்பதுதான்.

ஹரிமாயா ஆனால் சித்தி சொன்னதை நம்பினாள். அதுதான் எனக்கு எரிச்சல். சித்தப்பாவோடு சண்டை போட்ட நாளெல்லாம் சித்தி இவள் மடியில்தான் அழுவாள். இவளும் கூட உட்கார்ந்து அழுவாள்.

வெள்ளிமலையிலிருந்து கேஸ் சிலிண்டரும் மாட்டுத் தீவனமும் ஏற்றி வரும் ஜீப் டிரைவர் அம்மாசி, மலைக்காரன். இறக்க வேண்டிய மூட்டையை இறக்காமல் பேசிக்கொண்டே நிற்பான்.

"அவன எனக்குப் புடிச்சிருக்கு, பாப்பா" என்றாள் ஹரிமாயா ஒருநாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே.

"அப்புறம் இன்னா? ஏறிப் போயிடு."

"ஓடிப்போறதுக்கு நான் இன்னா அனாதயா? மொறயா வந்து கேளுன்னு சொல்லிக்கிறேன். அம்மா வுட்டா போவேன். வுடலன்னா இங்கயே கெடப்பேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் வந்தது. அம்மாசியின் அம்மா ஜெயம்மாள் இறங்கினாள். கையில் தட்டு: வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு புடவை. அம்மாசியின் கையில் கால் கட்டிய சேவல்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த சித்தப்பா சேவலைத்தான் முதலில் பார்த்தார். "நல்லா இருக்கே. இன்னா வெல?"

"விக்கறதுக்கு இல்லீங்க சம்பந்தி. பொண்ணு வூட்டுக்குக் கொண்டாந்தது" என்ற ஜெயம்மாள், தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாசி சேவலைத் தூணில் கட்டினான்.

சித்தப்பாவின் முகத்தை நான் போட்டோ எடுத்திருக்க வேண்டும். "யாருக்கு யாரு சம்பந்தி?"

"உங்க பொண்ணு செல்வியத்தான் எம்மவனுக்குக் கேக்க வந்துக்கிறோம்."

சத்தம் கேட்டுச் சித்தி ஓடி வந்தாள். முழங்கால் வலியைக் காணோம். "இன்னா பேசற நீ? நாங்க இன்னா சாதி, நீங்க இன்னா சாதி? எங்க வூட்ல வந்து பொண்ணு கேக்கறியா?"

"நீங்கதானம்மா மல பூரா சொல்லிக்கினு இருந்தீங்க, எங்க வூட்டுப் பொண்ணுன்னு. அப்பறம் தாய் வூட்ல வந்து கேக்காம எங்க போய் கேக்கறது?"

"அது சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்றது! அவ வேலக்காரி. எந்த நாட்டுக்காரியோ. அவளுக்கும் எங்களுக்கும் இன்னா ஒட்டு?"

ஹரிமாயா அப்போது கதவருகில் நின்றிருந்தாள். கையில் தாம்பாளம், அதில் காபி. மலைக்காரர்களுக்கு எப்போதும் கொடுக்கும் பேப்பர் கப்பில் இல்லை. சித்தி பீரோவில் பூட்டி வைத்திருக்கும் டபரா செட்டில்.

சித்தி அதைப் பார்த்ததும் பதறினாள். "பேப்பர் கப்பு எங்கடி?"

ஹரிமாயா தாம்பாளத்தோடு முன்னால் வந்தாள். ஜெயம்மாளுக்கு ஒரு டபராவும் அம்மாசிக்கு ஒன்றும் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் உங்க பொண்ணு இல்லியாம்மா?"

"உள்ள போடி."

"வேலக்காரிதான?"

"ஆமா! வேற இன்னான்னு நெனச்ச?"

ஹரிமாயா தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். "பொண்ணுன்னாதான் நீங்க வுடணும்னு காத்துக்கினு இருக்கணும். வேலக்காரி சொல்லிட்டு வேலய வுட்டு நின்னுக்கலாம்" என்றாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். "மாட்டுக்கு இன்னும் தண்ணி காட்டல" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஜீப்பில் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஜெயம்மாள் காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். "தட்ட எடுத்துக்கினு போ" என்று கத்தினார் சித்தப்பா.

"பொண்ணு கெடச்சிடுச்சி. குடுத்தத திருப்பி வாங்கற பழக்கம் எங்களுக்கு இல்ல."

ஜீப் வளைவில் மறைந்ததும் சித்தி அழுதாள். "பெத்த பொண்ணாட்டம் வெச்சிருந்தேனே, நன்றி கெட்டவ!" மூக்கைச் சிந்திவிட்டு அந்த டபராக்களைப் பார்த்தாள். அவற்றைத் தானும் தொட மாட்டாள். தொட்டுக் கழுவ இனி ஆளும் இல்லை.

மத்தியானம் வரை சேவல் விடாமல் கூவியது. "யாராவது அந்தச் சனியன அவுத்து வுடுங்களேன்" என்றார் சித்தப்பா, என்னைப் பார்த்து.

"உங்க சம்பந்தி குடுத்த சேவல், சித்தப்பா. நீங்கதான் அவுக்கணும்" என்று சொல்லிவிட்டு நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.