பால் சொசைட்டியில் தொங்கிய தராசு

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஓர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. தாய் சேய் நலத்தில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு தராசும் கட்டுக்கட்டாகப் படிவமும் கொடுத்தார்கள். தராசு நல்ல தராசு. படிவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

அதை எழுதியவர் என் வழிகாட்டிப் பேராசிரியர். கோயம்புத்தூரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதியது. "ஒரே தராசு, ஒரே இடம், ஒரே நேரம்" என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். மூன்று வாரம் தொடர்ந்து எடை போட வராத குழந்தையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பட்டியலில் இல்லாத குழந்தைக்குச் சத்துமாவு கிடையாது, எங்கள் கவனிப்பும் கிடையாது. எடுப்பதற்கு முன்னால் பதினான்காம் கட்டத்தில் காரணம் குறிக்க வேண்டும். ஒன்று, தாயின் அறியாமை. இரண்டு, தாயின் அலட்சியம். மூன்று, தாயின் மறுப்பு. எதை எடுத்தாலும் தாய்தான் குற்றவாளி. நான்காவதாக ஒன்று இருக்கக்கூடும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் போன ஊர் காரமடைக்கு மேற்கே இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் போவேன். தராசைத் தொங்கவிட உயரத்தில் ஒரு கொக்கி வேண்டும். பால் சொசைட்டிக் கட்டடத்தின் உத்தரத்தில் அருமையான இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. காலைப் பால் ஊற்றி முடிந்து கேன்கள் வண்டியேறிவிட்டால் அந்த இடம் சாயங்காலம் வரை சும்மா கிடக்கும். நிழல், சிமெண்ட் தரை, கழுவிவிட்ட சுத்தம். சொசைட்டிச் செயலாளர் "தாராளமா வெச்சுக்குங்க அம்மணி" என்றார். பேராசிரியர் "பொது இடம்தானே?" என்று கேட்டார். "பொது இடம்தான் சார்" என்று சொல்லி, படிவத்திலும் அப்படியே எழுதினேன். என்ன பொதுவோ!

எனக்கு உதவிக்கு அந்த ஊர் பால்வாடி டீச்சர் வந்தார். ஊருக்குள்ளேயே பிறந்து ஊருக்குள்ளேயே கட்டிக்கொடுத்த நடுத்தர வயதுப் பெண்மணி. நான் பட்டியலைப் பார்த்துப் பேர் வாசிப்பேன், அவர் குழந்தையை வாங்கித் தராசுத் தொட்டிலில் போடுவார். வந்த குழந்தைகளெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும், இடுப்பில் அரைஞாணும், தொடையில் மடிப்புமாக. ஏழு குழந்தை போட்டால் ஏழின் எடையும் வளர்ச்சி அட்டையில் பச்சைக் கோட்டுக்கு மேலே. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வந்தவளுக்கு வித்தியாசமே கிடைக்கவில்லை.

ஊருக்கு வெளியே இருந்த காலனியிலிருந்து மூன்று குழந்தைகளின் பேர் பட்டியலில் இருந்தது. மூன்றும் வரவில்லை. பேர் வாசித்தால் டீச்சர் "வரலீங்க" என்பார். நான் அடுத்த பேருக்குப் போவேன்.

சொசைட்டிக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் பஸ் நிற்கும். அங்கே ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மூன்று பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வந்தது, போனது, அவர்கள் ஏறவில்லை. கூட்டமாக இருக்கிறது, அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வாரமும் நின்றார்கள். மூன்றாவது வாரம் எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. "டவுனுக்குப் போக நேரமிருக்குது. ரோட்டைத் தாண்டி வந்து குழந்தையை எடை போட நேரமில்லை, பாருங்க" என்று டீச்சரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் தொட்டில் துணியை உதறிக்கொண்டே "அது கெடக்குதுங்க, நீங்க அடுத்த பேரச் சொல்லுங்க" என்றார்.

அன்றைக்குக் கோபத்தோடு கோபமாக, காலனிக் குழந்தைகள் மூன்று பேருக்கும் பதினான்காம் கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன். அலட்சியம். பேனாவை அழுத்தித்தான் எழுதினேன்.

நான்காவது வாரம் வேலை சீக்கிரம் முடிந்தது. தராசைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்காக மரத்தடிக்குப் போனேன். மூவரில் இரண்டு பேர் போய்விட்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். சும்மா இருக்க முடியாமல் "எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகலீங்க அம்மணி. புள்ளைய எடை போட வந்தனுங்க. நீங்க கூப்புடுவீங்கன்னு நின்னனுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உள்ளே வந்திருக்கலாமே?" என்றேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள்.

"சொசைட்டிக்குள்ள எங்க ஆளுக போறதில்லீங்களே. எங்க எருமப் பாலையே அங்க ஊத்திக்க மாட்டாங்க. நீங்களா வெளிய வந்து கூப்புட்டாத்தான் உண்டு."

முந்தானையை விலக்கினேன். நான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட மூன்றில் ஒன்று, ஐந்து மாதப் பெண் குழந்தை. தோல் எலும்பை விட்டுத் தொளதொளவென்று தொங்கியது, அழக்கூடத் தெம்பில்லை. புளியமரக் கிளையிலேயே தராசை மாட்டினேன். ஊசி காட்டிய எடை அட்டையில் சிவப்புக் கோட்டுக்கும் நன்றாகக் கீழே விழுந்தது. பிறந்து இரண்டு மாதமான ஊர்க் குழந்தைகள் அதைவிடக் கனமாக இருந்தன. மூன்று வாரம், ஒரு ரோடு அகலத்தில், என் கண்ணெதிரே இந்தக் குழந்தை வற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

சொசைட்டிக்கு ஓடினேன். டீச்சர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்க டீச்சர், அவங்க எதுக்கு அங்கே நிற்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"தெரியுமுங்க." அவர் கொஞ்சமும் பதறவில்லை. "உங்களுக்குந் தெரியுமுன்னு நெனச்சனுங்க. நீங்களும் இந்தப் பக்கத்து ஆளுதானுங்களே."

இந்தப் பக்கத்து ஆள்தான். வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசி, தோட்டத்திலிருந்து மில்லுக்கு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் தோட்டத்தில் ஆட்கள் வாசற்படிக்கு வெளியேதான் நிற்பார்கள். அப்பா நிமிர்ந்து பார்த்துக் கூப்பிடும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பிறந்ததிலிருந்து பார்த்தது. இரண்டு பட்டம் வாங்கியும் எனக்கு அது பஸ்ஸுக்கு நிற்பதுபோலத் தெரிந்ததென்றால் என்னை எதால் அடிப்பது!

எஸ்டிடி பூத்திலிருந்து பேராசிரியருக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மரத்தடியில் போட்ட எடையா? அது செல்லாதேம்மா. அந்தக் குழந்தை பட்டியலிலேயே இல்லையே" என்றார்.

"சார், குழந்தை கையைவிட்டுப் போயிரும் போல இருக்குது."

"அதுக்குத்தான் ஆஸ்பத்திரி இருக்குது. படிவத்தோட நகலை வெச்சு அனுப்பு. உணர்ச்சிவசப்படாதே."

அனுப்பவில்லை, நானே கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். உட்காரச் சொல்லி மூன்று முறை கேட்டு, கடைசியில் கையைப் பிடித்து இழுத்துத்தான் உட்கார வைத்தேன். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் படிவத்தை நீட்டினேன். அதில் என்ன எழுதியிருந்தேன் என்பதே அந்த அவசரத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது.

டாக்டரம்மாவுக்கு மறக்க வழியில்லை, படித்துவிட்டார். "ஏம்மா, மூணு வாரமா எடை போடப் போகலையா? அலட்சியம்னு எழுதியிருக்குதே. பெத்தா மட்டும் போதுமா, பாக்க வேண்டாமா?" வார்டே திரும்பிப் பார்த்தது.

அவள் டாக்டரிடமிருந்து திரும்பினாள். என்னைப் பார்த்தாள். "செவ்வாக்கெழமையானா வேலைய உட்டுப்போட்டு வந்து நின்னனுங்களே. அம்மணி, நீங்க பாத்தீங்கள்ல?"

"பார்த்தேன்" என்றேன். "டாக்டர், அவங்க மூணு வாரமும் வந்தாங்க. கூப்பிடாதது நான். எழுதினதும் நான்." படிவத்தை வாங்கி, இரண்டை அடித்து, பக்கத்தில் ஆய்வாளரின் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "சரி, குழந்தையைக் கொண்டாங்க" என்று எழுந்தார். எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை, அதற்கு அவளுக்கு நேரமில்லை.

குழந்தை பிழைத்துவிட்டது. அங்கேயே மூன்று வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆய்வறிக்கையில் மட்டும் 'தாயின் அலட்சியம்' அப்படியே இருக்கிறது. முடிந்த பட்டியலைத் திருத்தக் கூடாதாம். சண்டை போட்டேன், கடிதம் எழுதினேன், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தும் வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அதற்கு அப்புறம் தராசைக் காலனியிலேயே மாட்டினேன். செல்லுமோ செல்லாதோ, போங்கடா என்று. முதல் நாளே எல்லாரும் வந்தார்கள். பட்டியலில் இல்லாத குழந்தைகள்கூட வந்தன. அவள் எல்லாரும் போகட்டும் என்று இருந்துவிட்டுக் கடைசியாக வந்தாள். குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். கை காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. ஊசி நின்றதும் நான் நோட்டைப் பிரித்தேன். அவள் என் பேனாவின் மேல் கையை வைத்தாள்.

"எடை எவ்வளவுன்னு வாயில சொல்லுங்க அம்மணி. எழுத வேண்டாமுங்க. நீங்க எழுதறத எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."