யாராவது எழுந்தால்தான் இடம்

பி.எச்டி.க்கு இடம் தேடுவது முழுநேர வேலை. தேயும் செருப்பு நம்முடையது. துறைத்தலைவர் அறை வாசலில் காத்துக் கிடந்த சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

முசிறியில் எங்கள் வாழை வாடல் நோயில் சாய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதை ஆராயத்தான் தாவரவியல் படித்தேன், பரீட்சை எழுதி அரசு உதவித்தொகையும் வாங்கினேன். ஜூனுக்குள் என்னைச் சேர்த்துக்கொள்ள ஒரு கைடு கிடைக்காவிட்டால் அது காலாவதி.

ஸ்கூட்டர்

ஸ்ரீரங்கத்துப் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்கே வரச் சொன்னார். பூஞ்சைகளின் பெயரையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். மனுஷன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ஸ்கூட்டர் ஓட்டுவியாம்மா? சாயங்காலம் பொண்ணை டான்ஸ் கிளாஸுல விடணும்" என்றார்.

வராது என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபியைத் தொடாமல் எழுந்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டார்: "ஏன்னா, முன்னாடி இருந்த பொண்ணு காரே ஓட்டினாளே, இவளுக்கு ஸ்கூட்டர்கூட வராதாமே?"

நேர்காணல்

ஓர் ஆய்வு நிலையத்தில் ஒரே ஒரு இடம், வராண்டா முழுக்கக் கூட்டம். வெள்ளைக் கோட்டு போட்ட பையன் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து, நாற்காலி போட்டு, அப்படி ஒரு உபசாரம். "நீங்க இங்க ஸ்டாஃபா தம்பி?" என்றேன்.

"இல்லக்கா, இதே இன்டர்வியூவுக்குத்தான் வந்திருக்கேன். அந்த இடத்துல போன மாசமே சேர்ந்துட்டேன்."

கல்யாணம்

ஒரு மேடம், "கல்யாணம் ஆகலையா? நடுவுல போயிடுவே, முடிச்சிட்டு வா" என்றார். என்கூட வந்திருந்த சிநேகிதிக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவளிடம் திரும்பி அதே மேடம், அதே வாயால்: "குழந்தை பெத்துக்கிட்டு வாம்மா."

நல்லா இருங்க, வேறென்ன சொல்ல!

மேரி அக்கா

கடைசியில் வாழை நோயே ஆராயும் ஒருவர் டவுனில் அகப்பட்டார். ஆனால் ஒரு கைடுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு. உள்ளே இருப்பவர் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் போனால்தான் அடுத்தவருக்கு இடம். மேரி அக்கா ஆய்வேட்டை முடித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது, சார் கையெழுத்துப் போடவில்லை. லேபில் எல்லா வேலையும் அக்கா தலையில்தான். விட்டால் யார் செய்வது?

ஜூன் நெருங்கியது. இரண்டு பேரும் சேர்ந்தே அவர் அறைக்குள் போனோம். "அக்காவை அனுப்புங்க சார், எல்லா வேலையையும் நான் பார்த்துக்கிறேன்" என்றேன். பேனாவைத் திறந்தார். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து அழுதார். "என்னை வெளியில எடுத்துட்டே. நீ ஜாக்கிரதை."

நேற்று

வருஷங்கள் ஓடி, இப்போது என் ஆய்வேடும் முடிந்து அவர் மேஜையில் தூங்குகிறது. கேட்டால், "என்னம்மா அவசரம்?" என்கிறார். அவசரமா? எங்கள் தோட்டத்தில் இந்த வருஷமும் வாழை சாய்ந்துவிட்டது, ஐயா! நேற்று லால்குடியிலிருந்து ஒரு பெண் லேப் வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் உதவித்தொகை காலாவதியாகப் போகிறதாம். தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, நீங்க எப்பக்கா போவீங்க?"

ஆக, நம் ஊரில் வாழைக்கு வரும் நோய்க்கு மருந்து கண்டுபிடித்தாலும் பிடித்துவிடலாம், ஒரு கையெழுத்தை வாங்குவதற்கு வழி கண்டுபிடிக்க முடியாது.