ஓரகத்தி ஊற்றிய நீலம்

என் ஓரகத்திக்குப் படகும் தெரியாது, நீச்சலும் தெரியாது. தெரிந்ததெல்லாம் வெள்ளைத் துணி. பெரிய விடுதி ஒன்றின் சலவை அறையில் இருபத்திரண்டு வருடமாக விரிப்பும் தலையணை உறையும் வெளுக்கிறவள். விருந்துக்குப் போன வீட்டில்கூடச் சாப்பிட்டு முடித்த கையோடு, உங்கள் குளியலறையில் தண்ணீர் தேங்குகிறது என்று சொல்லிவிட்டு வருவாள். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அவள் புருஷன், அதாவது என் கொழுந்தன், மீன் பிடிக்கிறவன். அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய ஃபைபர் படகு. சந்தைக் கடைக்காரர் துள்ளுகிற மீனைத்தான் எடுப்பார் என்பதால் படகின் நடுவில் ஒரு மீன் தொட்டி உண்டு. பம்பு வெளியிலிருந்து தண்ணீரை இழுத்துத் தொட்டியில் விடும். நிரம்பியதும் மிச்சம் மேல் ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி, படகின் பக்கவாட்டில் வெளியே கொட்டும். இது தவிர படகின் பின்பக்கம் அடியில் ஒரு ஓட்டை. கரையேறியதும் உள்ளே சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட. அதற்கு ஒரு பித்தளைத் திருகுமூடி. மறந்துபோய் மூடாமல் கிளம்பிவிடக் கூடாது என்று அந்த மூடியை இஞ்சின் சாவியோடு ஒரே கயிற்றில் கட்டி வைத்திருப்பான். மூடியைத் திருகிவிட்டுத்தான் சாவியை அவிழ்ப்பான்.

அப்படியும் போன வருடம் படகில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. மீனோடு திரும்புகிற நாளெல்லாம் கணுக்கால் வரை தண்ணீர். வெறுங்கையோடு வந்தால் சொட்டுகூட இல்லை. மூடி சரியில்லை என்று முதல் நாளே சொன்னேன். யார் கேட்டார்கள்? படகுப் பட்டறைக்காரரைக் கூட்டி வந்தான். அவர் படகைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, எங்கேயோ விரிசல் இருக்கிறது, மீன் பாரத்தில் படகு தாழும்போது அது தண்ணீருக்குள் போகிறது என்றார். ஆறு வாரம் அங்கங்கே ஒட்டுப்போட்டுப் பார்த்துவிட்டு, இனிப் பயனில்லை, சனிக்கிழமை அறுத்துவிடலாம் என்று முடித்துவிட்டார்.

படகு போனால் கொழுந்தன் இன்னொருவர் படகில் கூலிக்கு ஏற வேண்டும். முப்பது வருடம் தானே முதலாளியாக இருந்தவன். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நான்தான் வாயை விட்டேன்: "தம்பி, ஒரு புது மூடி வாங்கிப் போட்டுப் பாரேன்."

"அண்ணி, அந்த மூடிய விடுங்க" என்றான்.

ஓரகத்தி கையை நக்கிக்கொண்டே கேட்டாள். "மீன் இல்லாத நாள்ல பம்பு ஓடுமா?"

"எதுக்கு ஓடணும்? தொட்டியே காலி."

"அப்ப பாரத்த ஏன் பழி சொல்றீங்க? பம்பு ஓடுற அன்னிக்குத்தானே தண்ணி ஏறுது?"

மறுநாள் காலை பட்டறைக்காரர் அறுக்கும் மெஷினோடு வந்தபோது, அவள் சலவை அறையிலிருந்து ஒரு புட்டி சொட்டு நீலத்தோடு வந்து நின்றாள். படகு கரையில் கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. கீழே சொட்டுத் தண்ணீர் கிடையாது. பின்மூடியை இறுக்கச் சொன்னாள். நான் திருகிப் பார்த்து உறுதி செய்தேன். குடத்தில் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினோம். அரைப் புட்டி நீலத்தைக் கவிழ்த்து, மேல் ஓட்டை வழியாக வழிகிற வரை இன்னும் ஊற்றினோம். பக்கவாட்டுத் துளையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

"இப்ப பின்மூடியைத் திறங்க" என்றாள்.

கொழுந்தன் திறந்தான். மை போல நீலம் பீய்ச்சி அவன் பாதத்தில் கொட்டியது. பட்டறைக்காரர் மெஷினைத் தரையில் வைத்தார்.

தளப்பலகையைக் கழற்றினால், தொட்டிக் குழாய் பக்கவாட்டுத் துளையிலிருந்து கழன்று, படகின் வயிற்றுக்குள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. வெளியே கொட்ட வேண்டியதெல்லாம் உள்ளே கொட்டியிருக்கிறது. ஓரகத்தி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "குழாய்ல மீன் செதில் அடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"கம்பியால குத்துவேன்" என்றான் மெதுவாக.

"அதான. எங்க சலவை அறைக்குப் புதுசா வர்றவங்க எல்லாரும் இதத்தான் பண்ணுவாங்க. நூல் அடைச்சா குச்சியால குத்துறது, அந்தப் பக்கம் குழாய் கழண்டுடும், மாடி பூரா வெள்ளம்."

புதுக் குழாய் போட்டு, இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத வளையம் மாட்டி இறுக்கினார் பட்டறைக்காரர். தன் பட்டறைக் குழாயும் ஒழுகுகிறது, வந்து பார்க்கிறாயா என்று ஓரகத்தியிடம் கேட்டுவிட்டுத்தான் போனார். மேல் ஓட்டையில் ஓரகத்தி தன் டீ வடிகட்டியைச் சொருகினாள். இனிச் செதில் அதில் நிற்கும். கையால் எடுத்துப் போட்டால் போதும். அன்றிலிருந்து அவர்கள் வீட்டு டீயில் தூள் மிதக்கிறது. எடுத்துச் சொன்னால், பல்லால் வடிகட்டிக் குடிங்கக்கா என்கிறாள்.

திங்கட்கிழமை தொட்டி நிறைய மீனோடு திரும்பினான். சந்தைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்து செருப்பை வாசலில் கழற்றினான். ஓரகத்தி குனிந்து செருப்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அவன் பாதம் மட்டும் இன்னும் நீலமாகவே இருந்தது. வெளுத்துத் தரவா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பழைய மூடியை நான் விட்டுவிடவில்லை. அதன் மரை தேய்ந்துதான் இருந்தது, கையில் வைத்துப் பார்த்தவள் நான். புதிதாக ஒன்று வாங்கி, நானே அந்தச் சாவிக் கயிற்றில் கட்டிவிட்டேன்.