எழுவான் பக்கத்து மீன்

"உங்கட படுவான் பக்கக் கன்னத்தில சோறு ஒட்டியிருக்கு, துடையுங்க" என்கிறார் வினாயகமூர்த்தி. சாப்பிடும்போது சூரியன் எந்தப் பக்கம் மறையும் என்று யோசிக்காத, பக்கத்து வீட்டில் இருக்கும் என்மேல் அவருக்குப் பெரிய பரிதாபம். இடம், வலம் என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. கிழக்கே கடல், அது எழுவான். மேற்கே வாவி, அது படுவான். தேநீர்க் கடைச் சீனிப் போத்தலுக்கும் இடுப்பில் கட்டிய கிழிந்த சாரத்துக்கும் அதே கணக்குத்தான்.

நாவற்குடாவில் நாற்பது வருடமாக இறால் பிடிக்கிறார். பனி மூடினாலும் தோணி நேரே அவர் வீட்டுப் படலை வாசலுக்கு வந்து சேரும்.

இந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கம்பஸிலிருந்து விரிவுரையாளர் இருவர் வந்தார்கள். மானிடவியல் நஸீறா மிஸ் மூன்று மாதம் கூடவே இருந்து, அவர் கொட்டாவி விட்டதையும் எழுதிக்கொண்டார். அறிகை விஞ்ஞானம் படிப்பிக்கும் ரதீஸ் சேருக்கு நாற்பது நிமிடமே போதுமாயிருந்தது. மேசையில் பிளாஸ்டிக் மீன், மாடு, நண்டு மூன்றையும் வரிசையாக வைத்தார். பிறகு இவரை மறுபுறம் திருப்பி, வேறொரு மேசையில் "அப்படியே வையுங்க ஐயா" என்றார். எழுவான் பக்கம் இருந்த மீனை இவர் எழுவான் பக்கமே வைத்தார். திரும்பியது இவர்தானே, கடலா திரும்பியது? ஐந்து தடவையும் அப்படியே வைத்தார். வலக்கைப் பக்கம் இருந்த மீன் வலக்கைப் பக்கமே வரவேண்டுமாம், அதனால் ஐந்தும் பிழையாம். 'நினைவுத் தடுமாற்றம் இருக்கலாம்' என்று தாள் ஒன்றும் சேர் கொடுத்தார். ஒரே பிழையை ஐந்து தடவையும் மறக்காமல் செய்கிற மறதி! என்ன படிப்போ!

தாளை வாசித்த மகள் தனுஷியா அழுதுவிட்டுத் தோணியைச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். வாவிக்குள் வழி மறந்துபோனால் யார் தேடுவது? பதினொரு நாள் மனிதர் கரையில் குந்தியிருந்தார். "என்ட தலை நல்லாத்தான் இருக்கு புள்ள" என்று அவர் சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் கூடியது. நான்தான் மிஸ்ஸுக்கும் சேருக்கும் போன் அடித்தேன்.

வந்தார்கள். "இது மூளையில்ல, பண்பாடு" என்றார் மிஸ். "பண்பாடு வேற எங்க இருக்கு? மூளைக்குள்ளதானே?" என்றார் சேர். அரை மணித்தியாலம் முற்றம் அதிர்ந்தது.

"அப்பா தோணியில போகலாமா, இல்லையா?" என்று தனுஷியா கேட்டாள்.

இன்னும் இருநூறு பேரைச் சோதிக்க வேண்டும் என்றார் சேர். கேள்வியே பிழை என்றார் மிஸ்.

வினாயகமூர்த்தி எழுந்து வந்து, மணலில் ஒரு சிப்பி, ஒரு கல், ஒரு சிரட்டை வைத்தார். "வடிவாப் பாரு புள்ள." தோளைப் பிடித்து அவளை மறுபுறம் திருப்பினார். அவற்றை அள்ளி அவள் கையில் கொடுத்து, "இப்ப அப்படியே வை" என்றார்.

கடல் பக்கம் இருந்த சிப்பியை அவள் யோசிக்காமல் கடல் பக்கமே வைத்தாள்.

"அப்ப உனக்கும் மறதி வருத்தம்தான்" என்றார் அவர்.

பின்னால் வாதம் நின்றபாடில்லை. தனுஷியா சிப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துத் தகப்பனின் கையில் வைத்தாள்.