காப்புக் கட்டிய அரசி

ஒஸ்லோவில் மண்டபம் கிடைத்தால் போதும் என்று நாள் குறித்துவிடுகிறவன் நான். பஞ்சாங்கம் பார்க்கவில்லை. நகரின் குரோருட் பகுதியில் எங்கள் நாடகம் கந்தசஷ்டி விரத நாட்களுக்குள் போய் விழுந்தது.

நான் தமிழாக்கிய பழைய கிரேக்கத் துன்பியல் நாடகம் அது. அரசியைக் கந்தலோடு மண்ணில் உட்காரவைத்து, சாதாரணப் பெண்போலப் பேசவைக்கும் அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். போரில் மகனை இழந்த அரசி கடைசியில் வானத்தைப் பார்த்து, ‘அங்கே ஒருவரும் இல்லை’ என்கிறாள். கடவுளோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு பாடும் பட்டேன்.

அரசியாக நடித்தவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா. வன்னியில் கடைசிப் போரில் மகனைப் பறிகொடுத்தவர். ஒத்திகைகளில் அந்த வரியைத் தடங்கலில்லாமல் சொன்னவர், திரை விலகச் சற்று முன்பு இடது மணிக்கட்டை என்னிடம் நீட்டினார். அதில் விரதக் காப்பு.

“தம்பி, காப்புக் கட்டியிருக்கிறன். இண்டைக்கு அதைச் சொல்லமாட்டன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “அதைச் சொல்லுறது நீங்கள் இல்லை அக்கா, அந்த அரசி.”

“வாய் என்ரைதானே? உண்மையாச் சொல்லவேணுமெண்டு நீர்தானே சொன்னனீர்.”

“அந்த வரி இல்லாட்டி நாடகமே இல்லை!”

“அப்ப வேற ஆளைப் பாரும்.”

எங்கே பார்ப்பது? மண்டபம் நிறைந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரையை விலக்கச் சொன்னேன். அக்கா மேடைக்குப் போனார். என்ன செய்யப்போகிறாரோ என்று பிரதியோடு திரை மறைவில் போய் நின்றேன்.

அந்த இடம் வந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தார். யாரோ இருமினார்கள். மறைவில் நின்று வரியை எடுத்துக் கொடுத்தேன். அக்கா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எல்லாம் பாழ் என்று நினைத்தேன்.

“இல்லையெண்டு நான் சொல்லமாட்டன்,” என்றார் மெதுவாக. “இருக்கிறார். என்ரை பிள்ளை விழேக்கையும் இருந்தவர். பாத்துக்கொண்டு இருந்தவர்.”

ஒருவரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ‘ஒருவரும் இல்லை’ என்று எழுதுவது எவ்வளவு லேசான வேலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரை மூடியதும் அக்கா எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, பசித்த வயிற்றோடு மாலைப் பூசைக்குக் கோயிலுக்குப் புறப்பட்டார்.